டி.சி. வாங்க அவசரப்பட வேண்டாம்

வாசகர் கேள்வி-பதில்: கல்வி

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்துசேரும் ஜனவரி மாதத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, பிள்ளை பின்தங்கியிருக்கிறது, பள்ளியை மாற்றலாமா, வேறு வழி உண்டா என்பதே அது. இந்த இதழில் அத்தகைய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் எங்கள் ஊரிலுள்ள தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்தவன். பெரிய வகுப்புக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும் என்று எண்ணி, ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கி இந்தப் பள்ளியில் சேர்த்தோம். அரையாண்டுத் தேர்வில் தமிழில் 61, ஆங்கிலத்தில் 38, கணிதத்தில் 17, அறிவியலில் 24, சமூக அறிவியலில் 36 எடுத்திருக்கிறான். பள்ளி முதல்வர் எங்களை அழைத்து, "இரண்டு பாடத்தில் ஃபெயில். இவனால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும். டி.சி. வாங்கி டுடோரியலில் சேர்த்து, தனித்தேர்வராக எழுத வையுங்கள்" என்கிறார். என் நாத்தனாரின் கணவர், ஓப்பன் ஸ்கூலில் கணக்குப் பாடமே இல்லாமல் பத்தாம் வகுப்பை முடித்துவிடலாம் என்கிறார். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவரோ, படித்தது போதும், ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடலாம் என்கிறார். பையன் எதுவும் பேசுவதில்லை. இரவு பதினொரு மணி வரை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய கணித விடைத்தாளின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் டி.சி. கேட்டு எந்தக் கடிதத்திலும் நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இப்போது செய்யவேண்டிய மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதும் தனித்தேர்வர், அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிவு செய்து, அந்த வகுப்புகளுக்கும் போய் வந்திருக்கவேண்டும். ஜனவரியில் பள்ளியை விட்டு வெளியே வருகிற பையன் இந்த மார்ச்சில் தேர்வு எழுதுவது நடைமுறையில் நடக்காத காரியம். முதல்வர் சொன்ன யோசனையை ஏற்றால் மகனுக்கு ஓர் ஆண்டு போகும், பள்ளிக்கு ஒரு தோல்வி கணக்கில் வராமல் போகும். அந்த யோசனையால் யாருக்கு லாபம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, உங்கள் மகன் இரண்டு பாடத்தில் தோற்றிருக்கிறான் என்பதே சரியான கணக்கு இல்லை. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறைத் தேர்வு 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்து, இரண்டும் சேர்ந்து 35 வந்தால் தேர்ச்சி. எழுத்துத் தேர்வில் அவன் இப்போதே 24 எடுத்திருக்கிறான். செய்முறைத் தேர்வுக்கு ஒழுங்காகப் போய், பதிவேட்டையும் முடித்து ஒப்படைக்கிற மாணவன் அதில் 20க்குக் குறைவாக வாங்குவது அரிது. ஆகவே அறிவியலில் அவன் கரையேறிவிட்டான் என்றே சொல்லலாம். ஆங்கிலமும் சமூக அறிவியலும் விளிம்பில் நிற்கின்றன, அவற்றை விட்டுவிடக் கூடாது. உண்மையில் மீதமிருப்பது கணிதம் ஒன்றுதான்.

நீங்கள் அனுப்பிய விடைத்தாளை ஒரு மாலைப்பொழுது முழுவதும் வைத்துப் பார்த்தேன். எட்டு மதிப்பெண் வரைபட வினாவில் அட்டவணையைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறான். குறை எண்களை வரைபடத்தாளில் குறிக்கும்போது இடவலம் மாறிவிட்டது, அளவுத்திட்டத்தையும் எழுதவில்லை, அதனால் மூன்று மதிப்பெண்தான் கிடைத்திருக்கிறது. வடிவியலில் வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் வினா. வட்டம் வரைந்து, புள்ளியைக் குறித்து, மையத்தோடு இணைத்தும் விட்டான். மையக்குத்துக்கோடு போடவேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். உதவிப்படமும் இல்லாததால் ஒரே ஒரு மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கில் ஐந்துதான் சரி, தவறிய ஒன்பதில் இரண்டில் விடையைச் சரியாக எழுதி அடித்துவிட்டு, பக்கத்திலேயே தவறான விடையை எழுதியிருக்கிறான். கணக்கே வராத பையனின் தாள் இப்படி இருக்காது. பாதி வழி தெரிந்து, தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை இல்லாதவனின் தாள் இது.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2 எழுதவேண்டும். அந்த எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டும் வடிவியலும் வரைபடமும்தான். இவை பயிற்சியால் மட்டுமே வந்துவிடக் கூடியவை, பழைய பாடங்களின் அடித்தளம் அதிகம் தேவைப்படாதவை. நாளொன்றுக்கு ஒரு வடிவியல், ஒரு வரைபடம் என்று தேர்வு வரை வரைந்துகொண்டே வந்தால் பதினாறில் பன்னிரண்டை எட்டிவிடலாம். பாடநூலில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் உள்ள பலவுள் தெரிவு வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு மதிப்பெண் பகுதியில் பத்து கிடைக்கும். கார்டீசியன் பெருக்கல், கூட்டுத்தொடர் வரிசையின் ஓர் உறுப்பைக் காணுதல், நேர்க்கோட்டின் சாய்வு, வீச்சும் வீச்சுக்கெழுவும் ஆகிய நான்கும் இரண்டு மதிப்பெண் பகுதியில் எளிதாகக் கைக்கு வருபவை, அவற்றில் எட்டு. ஐந்து மதிப்பெண் பகுதியில் சார்பைக் குறிக்கும் முறைகள், அணிப் பெருக்கல், நாற்கரத்தின் பரப்பு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு வினாவையாவது எழுதினால் ஐந்து. கூட்டிப் பாருங்கள், 35 வந்துவிடுகிறது. "மெல்லக் கற்போர்" என்று பெயர் வைத்து ஒதுக்கப்படும் மாணவர்களை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கரையேற்றுவது இந்த வழியில்தான். முக்கோணவியலையும் அளவியலையும் இந்த இரண்டு மாதத்துக்கு அவன் மறந்துவிடலாம். கணித ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் முழுப் பாடத்திட்டத்தையும் மார்ச்சுக்குள் கற்பிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பையனை அனுப்பாதீர்கள்.

இனி, வீழ்ச்சி எங்கே தொடங்கியது என்று பாருங்கள். தமிழில் 61 எடுப்பவன், எட்டாம் வகுப்பு வரை முன்வரிசையில் இருந்தவன், திடீரென்று மந்தமாகிவிட மாட்டான். தமிழில் படித்துப் பழகிய அறிவியலையும் கணிதத்தையும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாற்றியதில்தான் தடுமாறியிருக்கிறான். இரவு பதினொரு மணி வரை அவன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சோம்பலால் இருக்காது, புரியாத மொழியில் எழுதப்பட்ட பக்கத்தை எத்தனை மணிநேரம் பார்த்தாலும் அது புரியாது. தமிழ்நாடு பாடத்திட்டத்தின் தமிழ்வழிப் பாடநூலும் ஆங்கிலவழிப் பாடநூலும் இயலுக்கு இயல் ஒன்றே. தமிழ்வழி நூல்களை இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள், அரசின் இணையதளத்தில் இலவசமாகவும் பதிவிறக்கிக்கொள்ளலாம். முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு அதே பத்தியை ஆங்கிலத்தில் பார்க்கட்டும். பொதுத்தேர்வில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். விடையை அவன் பதிவு செய்திருக்கும் ஆங்கிலவழியிலேயே எழுதவேண்டும் என்றாலும், வினாவைத் தமிழில் படித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. தேர்வு தொடங்குமுன் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே பத்து நிமிடம் தருகிறார்கள். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலர் அந்தத் தமிழ்ப் பகுதியைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றும் எண்ணத்தில் இருக்கும் பிற பெற்றோருக்காக இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்கள், அரசு வேலையில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமை ஆகியவை இடையில் வந்து சேர்பவர்களுக்குக் கிடைப்பவை அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்தோ அதற்கும் முன்பிருந்தோ தொடர்ந்து அங்கேயே, அந்த வழியிலேயே படித்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றுகிறவர்கள் கல்விக் கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்.

பள்ளி முதல்வரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். சண்டைக்குப் போகவேண்டாம், பையன் இன்னும் இரண்டு மாதம் அங்கேதான் உட்காரவேண்டும். "என் மகன் இந்தப் பள்ளியின் மாணவனாகவே பொதுத்தேர்வு எழுதுவான், அவனுக்கான பயிற்சிக்கு ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று இரண்டு வரியில் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பெயர்ப் பட்டியலில் அவன் பெயர், பிறந்த தேதி, பயிற்றுமொழி ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைவு என்பது ஒருவனைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பாமலிருக்கக் காரணம் ஆகாது. அதற்கும் மீறி வற்புறுத்தினால், உங்கள் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்று உள்ள மாவட்டக் கல்வி அலுவலரிடம் அந்தக் கடித நகலோடு போங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணிலும் முறையிடலாம். வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கத் தொடங்கினால் பாதி பேனர்கள் இறங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கணிதத்தில் தேர்ச்சி வராமல் போனால் என்ன ஆகும்? மே மாதம் முடிவு வரும், அண்மை ஆண்டுகளில் ஜூலைத் தொடக்கத்திலேயே துணைத் தேர்வு நடந்துவிடுகிறது. தேர்ச்சி பெற்ற நான்கு பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை, கணிதத்தை மட்டும் எழுதி, அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம். இதை இப்போதே பையனிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் படிக்காமல் விட்டுவிடுவான் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். நான் கண்டவரையில், அடுத்த வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் முதல் வாய்ப்பைப் பதற்றமில்லாமல் எழுதுகிறது.

உங்கள் நாத்தனாரின் கணவர் சொல்லும் ஓப்பன் ஸ்கூல், மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அது மதிப்பான அமைப்புதான், அதை ஏளனமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 14 வயது நிறைந்த எவரும் அதன் பத்தாம் வகுப்பில் சேரலாம். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள் போதும், கணிதம் கட்டாயமில்லை, மனையியல், ஓவியம், வணிகவியல், தரவு உள்ளீடு போன்ற பாடங்கள் உண்டு. தமிழ்வழியும் இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு, ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம், தேர்ச்சிக்கு 33 சதவீதம். விளையாட்டிலோ இசையிலோ முழுநேரம் ஈடுபட்டிருக்கும் பிள்ளைக்கும், நீண்டகால உடல்நலக் குறைவு உள்ள பிள்ளைக்கும், வகுப்பறையே ஒத்துவராத பிள்ளைக்கும் நான் தயங்காமல் அதைப் பரிந்துரைப்பேன்.

உங்கள் மகனுக்கு இப்போது அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்று புதிதாகச் சேர்ந்தால் வரும் ஏப்ரலில் எழுத முடியாது, அக்டோபர் வரை காத்திருக்கவேண்டும். அங்கே நாள்தோறும் வகுப்பு கிடையாது. அனுப்புகிற பாடநூலைத் தானே படித்து, ஒப்படைப்புகளைத் தானே எழுதிக் கொடுக்கவேண்டும். ஆசிரியர் அருகிலிருக்கும்போதே தனித்துப்போய் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையனை வீட்டில் அப்படி விட்டால் அந்தத் தனிமை கூடத்தான் செய்யும். கணிதம் இல்லாத பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக்கிலோ, பிளஸ் ஒன் அறிவியல் பிரிவிலோ, ஐ.டி.ஐ.யின் பொறியியல் பிரிவுகளிலோ இடம் கேட்கும்போது சிக்கல் வரும் என்பதையும் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஒருவேளை ஜூலையிலும் கணிதம் கைவிட்டால், அப்போது இந்த வழியைப் பார்க்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பாடங்களில் இரண்டின் மதிப்பெண்ணை அங்கே மாற்றிக்கொள்ள இடமுண்டு. மார்ச் தேர்வை எழுதினால்தான் அந்தச் சலுகையே கைக்கு வரும். அப்படிச் சேர்வதானாலும் நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். "பத்தாம் வகுப்பு ஃபெயிலா? கவலை வேண்டாம்" என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் இடங்களில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, உண்மையான கட்டணத்துக்கும் அவர்கள் கேட்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கணவரின் யோசனையில் தவறில்லை, காலம்தான் தவறு. ஐ.டி.ஐ. பற்றி இதே பக்கத்தில் கடைசிக் கடிதத்துக்கு எழுதியிருப்பதை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு போகிறவனுக்கு அங்கே திறக்கும் கதவுகள் அதிகம்.

பையன் பேசுவதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு மதிப்பெண்களைவிட அந்த வரிதான் உறுத்துகிறது. முதல்வர் அறையில் நடந்த பேச்சின்போது அவன் அங்கே நின்றிருந்தானா? நின்றிருந்தால், தன்னால் பெற்றோருக்கு அவமானம் என்ற எண்ணத்தோடுதான் இருப்பான். பாடம், மதிப்பெண் எதையும் தொடாமல், பள்ளி மாற்றியது நாங்கள் எடுத்த முடிவு, அதற்கு நீ பொறுப்பில்லை என்பதை அவன் அப்பாவே அவனிடம் சொல்லட்டும். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். சாப்பாடு குறைவது, தூக்கம் போவது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவனுடைய பழைய அரசுப் பள்ளியில் அவனுக்குப் பிடித்த கணித ஆசிரியர் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணிநேரம் அவனுக்காக ஒதுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டு மறுத்த ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு. கணிதத்தில் ஸ்டாண்டர்டு எடுத்திருக்கிறாள், மாதிரித் தேர்வில் எண்பதுக்கு இருபதைத் தாண்டவில்லை. பேசிக் கணிதத்துக்கு இப்போது மாற்றலாமா? இரண்டு முறை தேர்வு என்கிறார்களே, பிப்ரவரித் தேர்வை விட்டுவிட்டு மே மாதம் மட்டும் எழுதலாமா?
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: ஸ்டாண்டர்டா, பேசிக்கா என்பதைத் தேர்வர் பட்டியலைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பும்போதே குறித்துவிடுவார்கள், ஜனவரியில் மாற்ற இயலாது. பள்ளி எதைக் குறித்து அனுப்பியது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மாணவியைக் கேட்காமலே எல்லோருக்கும் ஸ்டாண்டர்டு என்று அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டு வினாத்தாளுக்கும் பாடத்திட்டம் ஒன்றே, வினாக்களின் கடினம்தான் வேறு. உயர்கல்வியில் கணிதம் வேண்டாம் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு பேசிக் போதும் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவுசெய்வது நல்லது.

பிப்ரவரித் தேர்வை விட்டுவிடும் யோசனையை உடனே கைவிடுங்கள். 2026 முதல் நடைமுறைக்கு வந்துள்ள இரு தேர்வு முறையில் முதல் தேர்வு அனைவருக்கும் கட்டாயம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களுக்கு முதல் தேர்வில் வராதவர்களுக்கு இரண்டாம் தேர்வு கிடையாது, அடுத்த ஆண்டுதான் எழுதவேண்டும். முதல் தேர்வை எழுதியவர்கள் மே மாதத்தில் அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள எழுதலாம், இரண்டில் எது கூடுதலோ அது நிற்கும். இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது என்பதால் முதல் வாய்ப்பை ஒத்திகையாக எண்ணவும் கூடாது. கோவை வெயிலில் மே மாதம் வரை அதே பாடத்தை வைத்துக்கொண்டு உட்கார யாருக்கும் பிடிக்காது.

தேர்ச்சிக்கு 33 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20 என்ற கணக்கில் உங்கள் மகள் நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தொலைவில் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு போன்ற திறன் பாடம் ஒன்றை ஆறாவது பாடமாக அவள் எடுத்திருந்தால், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஒன்றில் தோல்வி வந்தாலும் அந்தத் திறன் பாடம் அதன் இடத்தில் வைக்கப்பட்டுத் தேர்ச்சி கணக்கிடப்படும். பல பெற்றோருக்கு மகளின் பாடப்பட்டியலில் இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறி வணிகவியல் பிரிவில் சேர்வது அவளுக்குப் பொருந்தலாம், ஆனால் அதை மே மாதத்தில் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்த வாரம் அதைப் பற்றி வீட்டில் பேச்சே வேண்டாம்.

கேள்வி: என் பேரன் ஒன்பதாம் வகுப்பு. பாடத்தைக் கேட்டால் வாயால் அருமையாகச் சொல்கிறான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான், பாதித் தாளோடு நேரம் முடிந்துவிடுகிறது. கவனக்குறைவு என்று அடிக்காத ஆசிரியர் இல்லை. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வை எப்படி எழுதுவான்?
— ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு இருக்குமோ என்று பரிசோதிப்பது அவசியமாகத் தெரிகிறது. இது அறிவுத்திறன் குறைவு அல்ல. பார்வை, செவித்திறன் சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, மருத்துவ உளவியலாளரிடம் முறையான மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரும் உதவுவார். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்தகைய பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. சான்று பெற்ற மாணவருக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணிநேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறவும் வழியுண்டு. இவை எவையும் தாமாக வந்து சேர்வதில்லை. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து, கல்வித்துறையின் ஆணை கைக்கு வந்திருக்கவேண்டும். பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சான்றிதழோடு ஓடிவரும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம், அவர்களுக்கு உதவ மனமிருந்தாலும் நேரமிருப்பதில்லை. உங்களுக்கு ஓராண்டு இருக்கிறது. கோடை விடுமுறைக்குள் மதிப்பீட்டை முடித்து, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். விடையை இன்னொருவர் எழுதும் வேகத்துக்கு, நிறுத்தற்குறியோடு, வரிசை மாறாமல் சொல்வது தனிப் பழக்கம். வடிவியல் படத்தை வாயால் விளக்கி வரையச் செய்வது இன்னும் கடினம். காலாண்டுத் தேர்விலிருந்தே அப்படி எழுதிப் பழக அனுமதி கேளுங்கள். வீட்டில் நீங்களே மாலை நேரத்தில் அவன் சொல்லச் சொல்ல எழுதுங்கள், அவன் சொல்லாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல். அடிப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. அவனுடைய அப்பாவை அனுப்பாமல் நீங்களே நேரில் போய், தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். வேட்டி கட்டிய தாத்தா வந்து நின்றால் நம்மூர்ப் பள்ளிகளில் இன்னும் எழுந்து நிற்கிறார்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். மகன் பத்தாம் வகுப்பில் 310 எடுத்தான். கூட்டாளிகள் சேர்ந்தார்கள் என்று பிளஸ் ஒன்னில் கணிதம்-இயற்பியல் பிரிவில் சேர்ந்து இப்போது எல்லாப் பாடத்திலும் திணறுகிறான். மோட்டார், ஒயரிங் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இப்போதே நிறுத்தி ஐ.டி.ஐ.யில் சேர்க்கட்டுமா? பிறகு பட்டம் படிக்க வழியில்லாமல் போய்விடுமா?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: சேருங்கள், ஆனால் இப்போதே நிறுத்தாதீர்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த பிறகுதான் தொடங்கும். அதுவரை வீட்டில் இருக்கும் பையன் வேலைக்குப் போவான், நாலு காசு கையில் பார்த்தபின் படிக்க வரமாட்டான். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வை முடிக்கட்டும், அதில் என்ன எடுத்தாலும் பரவாயில்லை.

ஒயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். எலக்ட்ரீஷியன், பிட்டர் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், உங்கள் மகனிடம் அது இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. உங்களுக்கு திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ. அருகிலேயே இருக்கிறது. ஒருநாள் மகனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பணிமனையைப் பாருங்கள். பெல் தொழிற்சாலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் இருக்கும் ஊரில் தொழில் பழகுநர் பயிற்சிக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்.

பட்டத்துக்கான வழியும் அடைபடுவதில்லை. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே சரிபார்த்து, திருத்தம் இருந்தால் மே மாதத்துக்குள் முடித்து வையுங்கள். கலந்தாய்வு நாளில் இதற்காகத்தான் நிறையப் பேர் திரும்பிப் போகிறார்கள்.